அனாமத்தில் போடாதீர்கள்

மாதத்தின் மூன்றாம் தேதி. திருப்பூரில் பனியன் துணிக்குத் தையல் ஜாப்வொர்க் செய்யும் ஒரு சின்ன யூனிட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓனரின் சொந்தப் பெயரில் நடக்கும் தொழில். கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறைதான் ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்து இருபது நாளே ஆன பெண் ஒருத்தி, பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக டிக் அடித்து வருகிறாள். நடுவில் ஒரு வரி இடிக்கிறது. நெஃப்ட் மூலம் 52,000 ரூபாய் வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாதி எழுத்து, பாதி எண். டேலியில் 52,000 என்று தேடினால் அந்தத் தொகைக்கு ஒரு பில்கூட இல்லை.

"ஏனுங்கண்ணா, இந்த அம்பத்திரண்டாயிரம் யாரு போட்டதுங்க?"

"தெரியலையே கண்ணு. இப்பத்திக்கு எதுலயாச்சும் போட்டு வை. அப்பறம் பாத்துக்கலாம்."

எதிலாவது போட்டு வைப்பதற்குக் கணக்கில் ஓர் இடம் உண்டு. ஆபீஸ்களில் சஸ்பென்ஸ் என்பார்கள். மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகம் அதற்கு அனாமத்துக் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறது. விவரம் தெரியாத தொகையைத் தெரியும்வரை வைத்திருக்கும் தற்காலிக இடம் அது. ஆனால் 'அப்புறம்' என்ற நாள் மார்ச் 31 வரை வருவதில்லை. வருடக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும்போது அனாமத்தில் நாற்பது வரிகள் இருக்கும். அவற்றில் எது யாருடையது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

அந்தப் பெண் 52,000 ரூபாயை என்ன செய்கிறாள் என்பதில்தான் அவள் டைப் செய்பவளா, கணக்கு பார்ப்பவளா என்பது தெரியும். விடையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அதற்கு முன் இந்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும்.

அக்கவுண்டிங் டெக்னீஷியன் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கடைவீதியில் புழங்குவதில்லை. 'அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் கணக்குப்பிள்ளை. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பில், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளப் பட்டியல் என்று சிதறிக் கிடக்கும் தாள்களை, பட்டயக் கணக்காளர் நம்பிக் கையெழுத்துப் போடக்கூடிய கணக்காக மாற்றுவது. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை டெக்னீஷியனுக்கு இல்லை. ஆனால் அவர் சரியாகச் செய்யாத கணக்கை எந்த ஆடிட்டராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பில்லை நேரில் பார்த்தவர், அன்றைக்கே போன் போட்டுக் கேட்டிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பற்று எழுதும் கடை

தமிழ் வழியில் படித்து வரும் மாணவர் முதலில் தடுக்கி விழும் இடம் பற்றும் வரவும். வீட்டில் பணம் வந்தால் வரவு, போனால் செலவு. புத்தகமோ பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதச் சொல்கிறது. 'வந்ததை எதற்குப் பற்றில் எழுத வேண்டும்?' என்று கேட்கும் மாணவருக்கு, 'விதி அப்படி, மனப்பாடம் பண்ணு' என்றே பல வகுப்புகளில் பதில் கிடைக்கிறது. அந்தப் பதில்தான் பிறகு பத்து வருடம் படுத்துகிறது.

விடை தெருமுனை மளிகைக் கடையிலேயே இருக்கிறது. 'பற்று எழுதிக்குங்க' என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கி வருகிறோம். கடைக்காரர் நோட்டில் நம் பெயர் போட்ட பக்கத்தில் 640 ரூபாய் பற்று எழுதுகிறார். சம்பளம் வந்ததும் 500 கொடுக்கிறோம். அதே பக்கத்தில் வரவு வைக்கிறார். பாக்கி 140. அந்தப் பக்கம் நம்முடையது. நாம் பெற்றுக்கொண்டது பற்று, நம்மிடமிருந்து வந்தது வரவு. இனி கடைக்காரரின் கல்லாவையும் ஓர் ஆளாக நினைத்து அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாம் கொடுத்த 500ஐப் பெற்றுக்கொண்டது கல்லா. எனவே கல்லாவுக்குப் பற்று, நமக்கு வரவு. பெற்றவருக்குப் பற்று, தந்தவருக்கு வரவு. இரட்டைப் பதிவு முறை இந்த ஒரு பார்வையிலிருந்து கிளைத்ததுதான். வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த இந்த முறையை லூகா பச்சோலி என்ற துறவி 1494இல் தம் கணித நூலில் விளக்கி அச்சேற்றினார்.

பேங்க் மெசேஜ் வரும்போது இதே குழப்பம் இன்னொரு வேடத்தில் வருகிறது. பணம் உள்ளே வந்தால் பேங்க் 'கிரெடிட்' என்கிறது. நம் கணக்கிலோ பேங்குக்கு டெபிட் போட வேண்டும். பேங்க் தன் நோட்டில் நம் பக்கத்தை எழுதுகிறது. நாம் நம் நோட்டில் பேங்கின் பக்கத்தை எழுதுகிறோம். யாருடைய நோட்டு, யாருடைய பக்கம் என்று கேட்கப் பழகியவருக்குப் பிறகு மனப்பாடம் தேவைப்படாது.

இந்தப் பழக்கம் ஒரு காலத்தில் வகுப்பறைக்கு வெளியேதான் வளர்ந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்குச் சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாகப் போனார்கள். எடுபிடி வேலையோடு கணக்கும் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார்கள். பேரேட்டில் பதிந்து, ஐந்தொகை எடுத்து, ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்பும் அளவுக்கு அவர்கள் தேறியது பெரியவர்களின் மேசையோரம் உட்கார்ந்துதான். இன்றைய பயிற்சிக்கும் அந்த மேசையோரம் வேண்டும். மூன்று மாத டேலி கோர்ஸ் அதற்கு ஈடாகாது.

டேலியைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தொழில் நடத்திவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்காக அவர் மகன் பரத் கோயங்கா எழுதிய மென்பொருள், 1986இல் நிறுவனமாகி, இன்று இந்தியச் சிறு தொழில்களின் பொதுமொழியாக இருக்கிறது. 2020இல் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வேலைக்குப் போகிறவர் டேலி தெரிந்துதான் ஆக வேண்டும். சிக்கல் பயிற்சி மையங்கள் கற்றுத் தரும் விதத்தில் இருக்கிறது. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரல்களுக்குப் பாடம் நடக்கிறது. பில்லைக் கையில் கொடுத்து 'இதில் யார் பெற்றார், யார் தந்தார்?' என்று கேட்பதில்லை. அப்படிப் பயின்றவர், ஓனர் பேங்கில் கட்டிய ரொக்கத்தை ரிசீப்ட்டில் போட்டுவிடுவார். கல்லா குறைந்ததாகவே பதிவாகாது. பல வருடம் கழித்தும் கணக்குப்படி கல்லாவில் லட்சக்கணக்கில் ரொக்கம் இருக்கும். இழுப்பறையைத் திறந்தால் சில்லறைதான்.

தேதிகளின் வேலை

அக்கவுண்ட்ஸ் ஆளின் மாதம் மற்றவர்களின் மாதத்தைப் போல ஒன்றாம் தேதி தொடங்கி முப்பதில் முடிவதில்லை. அது தேதிகளால் துண்டுபட்டது. பிறருக்குப் பணம் தரும்போது முந்தைய மாதம் பிடித்த வருமான வரியை, அதாவது டிடிஎஸ்ஸை, 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனமானால், விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் 15. வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருந்து காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பிக்குக் கடைசி நாள் காலாண்டு முடிந்த மறுமாதம் 22. தொழில் வரி உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை. தேதி தவறினால் ஜிஎஸ்டியில் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் 14 என்று ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு யாரும் எதையும் கட்டுவதில்லை. ஆனாலும் டெக்னீஷியனுக்கு அதுவே முக்கியமான நாள். ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற பட்டியல் அன்று உருவாகிறது. நமக்கு விற்றவர்கள் தங்கள் ஜிஎஸ்டிஆர்-1இல் நம் எண்ணைப் போட்டு ஏற்றிய பில்களெல்லாம் அதில் வரும். தையல் யூனிட்டுக்கு ஒருவர் மெஷின் சர்வீஸ் செய்து 20,000 ரூபாய்க்குப் பில் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 3,600. ஓனர் 23,600 கொடுத்துவிட்டார். அந்த 3,600ஐத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பில் 2பியில் இருந்தால்தான். சர்வீஸ்காரர் அதை ஏற்றாமல் விட்டிருந்தால் ஓனர் 3,600ஐக் கையிலிருந்து இன்னொரு முறை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே 14ஆம் தேதி கம்பெனியின் பர்ச்சேஸ் பட்டியலையும் 2பியையும் எக்செல்லில் பக்கம் பக்கமாக வைத்துப் பொருத்த வேண்டும். இரண்டிலும் இருப்பவை சரி. நம்மிடம் இருந்து அங்கே இல்லாதவை ஒரு வகை. அங்கே இருந்து நம்மிடம் இல்லாதவை இன்னொரு வகை: வந்து சேராத பில், பதியாமல் விட்ட பில், அல்லது யாரோ நம் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போன். "சார், உங்க 112ஆம் நம்பர் பில் டூபியில வரலைங்க. ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" இந்த ஒரு வாக்கியத்தைத் தயங்காமல், கோபப்படுத்தாமல், எதிராளி பில்லை ஏற்றும்வரை திரும்பத் திரும்பச் சொல்லத் தெரிவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு மதிப்பெண் இல்லை. ஓனருக்குப் பணத்தை மிச்சப்படுத்தித் தருவது பெரும்பாலும் இந்த போன்தான்.

சட்ட விவரங்களைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் வேறு அடுக்குக்கு மாறின. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. பல்லாண்டுகளாக ஆபீஸ்களில் மந்திரம்போலச் சொல்லிப் பழகிய டிடிஎஸ் பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணை மட்டும் நெட்டுருப் போட்டவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதற்காகப் பிடிக்கிறோம், யார் பிடிக்க வேண்டும், எந்தத் தொகையின் மேல் என்று புரிந்து படித்தவர் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

52,000 யாருடையது

இப்போது கண்ணாடி அறைக்குத் திரும்புவோம். மாதக் கடைசியில் யூனிட்டின் கணக்குப்படி பேங்கில் இருக்க வேண்டியது 1,84,300. ஸ்டேட்மென்ட்டில் இருப்பதோ 2,52,710. வித்தியாசம் 68,410. பதறத் தேவையில்லை, இதைச் சரிபார்த்து எழுதும் தாளுக்குத்தான் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று பெயர்.

துணி டையிங் செய்தவருக்குக் கொடுத்த 25,000 ரூபாய் செக்கை அவர் இன்னும் போடவில்லை. அதனால் பேங்கில் அந்தத் தொகை கூடுதலாகத் தெரிகிறது. வந்த 8,000 ரூபாய் செக் ஒன்றைப் பேங்கில் போட்டது இன்னும் பாஸாகவில்லை. அந்த அளவு குறைகிறது. பேங்க் தன் கட்டணமாக 590 எடுத்திருக்கிறது. கணக்கில் அது இன்னும் ஏறவில்லை. (அந்த 590இல் 500 கட்டணம், 90 ஜிஎஸ்டி. இந்த 90ஐயும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. மாதாமாதம் முழுத்தொகையையும் செலவில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.) 1,84,300உடன் 25,000ஐக் கூட்டி, 8,000ஐயும் 590ஐயும் கழித்தால் 2,00,710. ஸ்டேட்மென்ட்டுக்கு இன்னும் சரியாக 52,000 வேண்டும். ஆக, மற்றவை எல்லாம் பொருந்திவிட்டன. அந்த ஒரு வரிதான் பாக்கி.

அந்தப் பெண் 52,000 என்ற எண்ணையே தேடிக்கொண்டிருந்தாள். தேட வேண்டியது அதைவிடக் கொஞ்சம் பெரிய எண்ணை. வாடிக்கையாளர்கள் பில் தொகையை அப்படியே அனுப்புவதில்லை. ஜாப்வொர்க் கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனி பணம் தரும்போது டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தரும். தனிநபர் நடத்தும் யூனிட்டானால் 1 சதவீதம். அதுவும் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் வரி நீங்கிய கூலியின் மேல்தான். இப்படி யோசித்ததும் பாக்கிப் பட்டியலில் ஒரு பில் எழுந்து நிற்கிறது: தையல் கூலி 50,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் 2,500, மொத்தம் 52,500. கூலியின் 1 சதவீதமான 500 போக வந்தது 52,000.

பேங்குக்குப் பற்று 52,000, பெறவேண்டிய டிடிஎஸ்ஸுக்குப் பற்று 500, கம்பெனிக்கு வரவு 52,500. மூன்று வரி. வேலை முடிந்தது. பேங்கிடம் அந்தப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணைக் கொடுத்து அனுப்பியவர் பெயரை உறுதி செய்துகொண்டால் சந்தேகமும் இல்லை.

அனாமத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கம்பெனியின் பெயரில் 52,500 பாக்கி நின்றிருக்கும். பணம் தந்துவிட்டவரிடம் ஓனர் மறுபடி போன் போட்டுப் பணம் கேட்டிருப்பார். அந்தப் போனுக்குப் பிறகு அடுத்த ஆர்டர் வருமா என்பது நிச்சயமில்லை. பேங்கில் சிசி (கேஷ் கிரெடிட்) லிமிட் இருந்தால் மாதாமாதம் கொடுக்கும் பாக்கிப் பட்டியலில் இல்லாத பாக்கி ஏறியிருக்கும். அரசிடம் போய்ச் சேர்ந்த 500 ரூபாய், ஓனரின் வருமான வரிக் கணக்கில் கேட்கப்படாமலே போயிருக்கும். 500 சின்னத் தொகை. வருடத்துக்கு நூறு பில்லுக்கு இப்படி விட்டால் 50,000.

ஒன்பதால் வகுத்துப் பார்

கைப்பேரேட்டுக் காலத்துக் கணக்கர்களிடம் ஒரு வித்தை இருந்தது. பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் முதலில் அதை இரண்டால் வகுப்பார்கள். 2,500 வித்தியாசம் என்றால் 1,250 என்ற தொகையைத் தேடுவார்கள். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். அது இல்லையென்றால் ஒன்பதால் வகுப்பார்கள். மீதியின்றி வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம். 5,740ஐ 7,540 என்று எழுதினால் வித்தியாசம் 1,800. ஒன்பதால் வகுத்தால் 200. ஒரு சைபர் விட்டுப்போனாலும் இதே கதைதான்: 8,500 என்பது 850 ஆனால் வித்தியாசம் 7,650, அதாவது 850இன் ஒன்பது மடங்கு.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இது எதற்கு என்று தோன்றலாம். டேலி பற்றும் வரவும் சமமாகாத பதிவை ஏற்பதே இல்லை. இருப்பாய்வு எப்போதும் பொருந்தும். அதனால்தான் கணக்கு சரியாக இருக்கிறது என்ற பொய்யான நிம்மதியும் வருகிறது. 5,740ஐ 7,540 என்று அடித்தால் மென்பொருள் இரண்டு பக்கமும் 7,540 என்றே சமமாகப் பதிந்துகொள்ளும். தவறு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. அது இப்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டில், 2பியில், சப்ளையர் அனுப்பும் லெட்ஜரில் போய் நிற்கும். அங்கே 1,800 வித்தியாசம் வரும்போது ஒன்பதால் வகுக்கத் தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார். தெரியாதவர் முந்நூறு வரிகளை மறுபடி படிப்பார், அல்லது அனாமத்தில் போடுவார்.

ரொக்க இருப்பு கழித்தல் குறியில் வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். கல்லாவில் இல்லாத பணத்தை யாரும் செலவு செய்ய முடியாது. எங்கோ தேதி தவறியிருக்கிறது, அல்லது ஒரு வரவு பதியப்படவில்லை.

இங்கேயே நேர்மையின் கேள்வியும் வருகிறது. தொழில் செலவுக்காக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது. லாரி வாடகை போன்றவற்றுக்கு அந்த எல்லை 35,000. 'முப்பதாயிரத்தை மூணு நாளா உடைச்சுப் போட்டுரு' என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். பழகுநருக்கு எதிர்த்துப் பேசுவது கஷ்டம். ஆனால் உண்மையில் நடந்த தேதியையே எழுதுவேன் என்று முதல் வாரத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுவது, ஐந்தாம் வருடம் நோட்டீஸுக்குப் பதில் தேடுவதைவிட எளிது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்தத் தடத்தில் இருக்கும் பெயர் ஓனருடையதாக இருக்காது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எந்த ஓனர் கேட்டாலும் டெக்னீஷியன் தன் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து ஜிஎஸ்டி பதிவு எடுக்கச் சம்மதிக்கக் கூடாது. கூலி வேலை செய்பவர்கள் பெயரில் போலி நிறுவனம் பதிந்து, அவர்கள் வீட்டுக்குக் கோடிக் கணக்கில் வரி நோட்டீஸ் வந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கையில் வைத்துக்கொள்ளவே கூடாது. பணம் அனுப்பத் தயார் செய்வது டெக்னீஷியன், அனுமதிப்பது ஓனர். இந்தக் கோடு இருவரையும் காப்பாற்றும்.

எங்கே படிப்பது

வழிகள் பல, ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மேல்நிலையில் கணக்குப்பதிவியல் எடுத்தவருக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பிழைத்திருத்தம், வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஆகிய இரண்டு பாடங்களைத் தேர்வு முடிந்த பிறகும் ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துத் தேர்வுகளோடு கணக்கியலிலும் ஜூனியர், சீனியர் நிலைகளில் அரசுத் தேர்வு நடத்துகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் இதைக் கேட்பவர் குறைவு. குறைந்த செலவில் அரசுச் சான்று கிடைக்கும் வழி இது.

பெயரிலேயே டெக்னீஷியன் என்று இருக்கும் படிப்பை நடத்துவது, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனம். சிஏடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் படிப்பில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். நிதிக் கணக்கியலோடு வரிச் சட்டங்களும் ரிட்டர்ன் வேலையும் இதில் உண்டு. முடித்தவர்கள் அதே நிறுவனத்தின் சிஎம்ஏ இடைநிலைக்கு நேராகப் போகலாம் என்பது இதன் பெரிய பயன். பட்டயக் கணக்காளர் நிறுவனமும் 2008இல், தன் ஐபிசிசி படிப்பின் முதல் தொகுதியையே ஏடிசி என்ற தனிப் படிப்பாக வைத்தது. முழு சிஏவையும் முடிக்க முடியாதவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது.

இந்தத் தொழிலுக்கென்றே தனிச் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டனில் 1980இல் ஏஏடி என்ற அக்கவுண்டிங் டெக்னீஷியன்கள் சங்கம் ஆனது. இலங்கையில் 1987இல் அதே பெயரில் ஒரு சங்கம் அமைந்தது. அங்கே ஏஏடி என்றால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் தேர்வு எழுதலாம். இருப்பாய்வைப் பரீட்சை மீதி என்றும் இருப்புநிலைக் குறிப்பை ஐந்தொகை என்றும் சொல்லிப் படிக்கும் மரபு அது. தாய்மொழியில் தொழில்முறைத் தகுதி பெற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

பட்டப்படிப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டும் என்பதே பதில். ஆனால் வேலையை நிறுத்திவிட்டு அல்ல. பிகாம் பட்டம் இருந்தால் பிறகு ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்து, அதற்கான தேர்வில் தேறி, பிறருடைய ரிட்டர்ன்களைத் தாமே தாக்கல் செய்யும் நிலைக்குப் போகலாம். தபால் வழியிலோ மாலைக் கல்லூரியிலோ அதை முடித்தவர்கள் ஏராளம்.

முதல் வேலை எங்கே என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. பெரிய கம்பெனியில் சேர்ந்தால் சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் மூன்று வருடமும் பர்ச்சேஸ் பில் மட்டுமே போட்டுக்கொண்டிருக்க நேரலாம். சின்ன ஆடிட்டர் ஆபீஸில் சம்பளம் குறைவு. ஆனால் ஒரே வருடத்தில் ஜவுளிக்கடை, அரிசி ஆலை, ஹோட்டல், லாரி ஆபீஸ், டாக்டர் கிளினிக் என்று பதினைந்து வகைக் கணக்கு கை வழியே போகும். முடிகிறவர்கள் முதல் இரண்டு வருடத்தை ஆடிட்டர் ஆபீஸுக்குக் கொடுப்பதே நல்லது. அங்கேயும் கேட்டு வாங்க வேண்டிய வேலைகள் மூன்று: பேங்க் சரிபார்ப்பது, 2பி பொருத்துவது, ஒரு சின்ன நிறுவனத்தின் வருடக் கணக்கை முதல் பில்லிலிருந்து இருப்புநிலைக் குறிப்புவரை தனியாக முடிப்பது. கேட்காதவரை யாரும் தர மாட்டார்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

இன்னொரு பழக்கம். நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, கண்டுபிடித்த ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதில் எழுத வேண்டும்: தேதி, தொகை, எங்கே தேடினேன், கடைசியில் காரணம் என்ன. 'ரூ.500. டிடிஎஸ் பிடித்தது.' 'ரூ.90. பேங்க் கட்டணத்து ஜிஎஸ்டி.' 'ரூ.1,800. எண் இடம் மாறியது.' ஆறு மாதத்தில் பக்கங்கள் நிறையும்போது காரணங்கள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்குவது தெரியும். அதற்குப் பிறகு புது வித்தியாசம் ஒன்று வந்தால் கை முதலில் அந்தப் பன்னிரண்டைத்தான் தேடும். இன்டர்வியூவுக்குச் சர்டிபிகேட்டோடு இந்த நோட்டையும் எடுத்துப் போகலாம். பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் ஆடிட்டருக்கு வேறு கேள்வி தேவைப்படாது.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் சேமிப்புக் கணக்கின் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை இன்றைக்கே எடுங்கள். ஜிபே, போன்பே வழியே போனது, ஏடிஎம்மில் எடுத்தது, யாரோ திருப்பித் தந்தது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் பெற்றார், யார் தந்தார் என்று எழுதுங்கள். தெரியாத வரி வந்தால் அனாமத்தில் போடாமல் அம்மாவையோ நண்பரையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதமும் ஒரு ரூபாய் மீதியின்றிப் பொருந்திய தாளை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.